மே மாதம் தரங்கம்பாடி: மாமியார், பிள்ளைகளோடு போக யோசனை வேண்டும்

கல்மண்டபத்துக்காரி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக்குக் கோடை விடுமுறை என்பது மீன்பிடித் தடைக்காலம்தான். கணவர் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறார். ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் படகு கடலுக்குப் போகாது. அந்த 61 நாளும் அவருக்கு ஓய்வு என்று யாரும் நினைக்க வேண்டாம். படகைக் கரையேற்றி, அடிப்பலகை பார்த்து, இன்ஜினைப் பிரித்து மாட்டி, பெயிண்ட் அடித்து, வலையைச் சீர் செய்து முடிப்பதற்குள் பாதிக் காலம் ஓடிவிடும். மே மாத நடுவில்தான் மூச்சு விட நேரம் கிடைக்கும். பிள்ளைகளுக்கும் அப்போது பள்ளி இல்லை. அப்பாவும் பிள்ளைகளும் சேர்ந்தாற்போல் வீட்டில் இருப்பது வருடத்தில் அந்தச் சில நாள்கள்தான். அதைத் தொலைக்காட்சிக்கு முன்னால் கழிக்க எனக்கு மனமில்லை.

போகிறவர்கள் ஐந்து பேர். நாங்கள் இருவர், எட்டாம் வகுப்பு முடித்த மகள், மூன்றாம் வகுப்பு முடித்த மகன், மாமியார். மாமியாருக்கு முழங்கால் வலி. மெதுவாக நடப்பார், அடிக்கடி உட்கார வேண்டும். மகளுக்குத் தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். மாமியாருக்குத் திருக்கடையூர் அபிராமியைக் கும்பிட வேண்டும். கணவரோ, "வருஷம் முழுவதும் கடலில் கிடக்கிறவனை லீவுக்கும் கடலுக்கே கூப்பிடுகிறாயே" என்கிறார். அதிலும் நியாயம் இருக்கிறது.

தடைக்காலத்தில் வருமானம் கிடையாது. நிவாரணத் தொகை வீட்டுச் செலவுக்கே சரியாகப் போய்விடும். ஆகவே சேர்த்து வைத்ததில்தான் போக வேண்டும். மே வெயிலில் தரங்கம்பாடி தாங்குமா? எங்கே தங்கலாம்? எப்படிப் போகலாம்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

எண்ணூர் முகத்துவாரம்

தங்கச்சி, செலவுதான் கவலை என்றால் பழவேற்காட்டை ஏன் விட்டுவிட்டீர்கள்? நம் வடசென்னைக்கு அதுதான் பக்கம். புறநகர் ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ். காலையில் கிளம்பினால் இரவு வீட்டில் படுக்கலாம்.

தரங்கம்பாடிக்கு டேனிஷ்காரர்கள், அதாவது டென்மார்க் நாட்டவர் வருவதற்கு முன்பே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிவிட்டார்கள். கெல்டிரியா கோட்டை, 1613. இன்று கோட்டை இல்லை, புதர் மண்டிய மேடும் அகழியின் தடமும்தான் மிச்சம். ஆனால் டச்சுக் கல்லறைத் தோட்டம் அப்படியே இருக்கிறது. தொல்லியல் துறை பராமரிக்கிறது. வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூட்டைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே படுக்கைக் கற்களில் குடும்பச் சின்னங்களும் டச்சு எழுத்துகளும் வெட்டுத் தெளிவாக நிற்கின்றன. உங்கள் மகள் அதன் முன்னால் வெகுநேரம் நிற்பாள். பனை ஓலைப் பெட்டி முடையும் பெண்கள் ஊரில் இருக்கிறார்கள், அவர்களிடம் நேரில் வாங்கலாம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஏரியில் படகுச் சவாரிக்கு யாராவது கூப்பிட்டால் ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து குடும்பம் குடும்பமாக மடிந்த இடம் அது.

கல்மண்டபத்துக்காரி

அண்ணா, பழவேற்காட்டுக்குக் கணவர் வேலை விஷயமாகப் போய் வருகிறவர். பிள்ளைகளை மழைக்காலம் முடிந்து பூநாரை வரும் பருவத்தில் கூட்டிப்போகலாம் என்று வைத்திருக்கிறோம். இந்த முறை இரவு தங்க வேண்டும். வேறு ஊரில் கண் விழிப்பதுதானே பிள்ளைகளுக்குப் பயணம்.

மாதவரம் வேன்

அக்கா, நான் இந்தத் தடத்தில் வேன் ஓட்டுகிறவன். ஒரே வழியில் எல்லாம் முடித்துவிடலாம். முதல் நாள் விடியற்காலை கிளம்பி சிதம்பரம், பிச்சாவரம் படகு, பூம்புகார், இரவு திருக்கடையூர். மறுநாள் தரங்கம்பாடி ஒரு மணி நேரம், காரைக்கால் அம்மையார், நாகூர் தர்கா, வேளாங்கண்ணி, இரவோடு இரவாகச் சென்னை. ஐந்து பேருக்கு வேன் பெரிது. இன்னொரு குடும்பம் சேர்ந்தால் தலைக்கு ஆகும் செலவு பஸ் கட்டணத்தைவிடக் கொஞ்சம்தான் கூடும்.

பொறையாற்று மகள்

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் பிறந்தது பொறையாறு, தரங்கம்பாடிக்குப் பக்கத்து ஊர். வாழ்க்கைப்பட்டது பழைய வண்ணாரப்பேட்டை. நீங்கள் சொல்லும் வரிசையில் வருகிற வேன்களைச் சிறு வயதிலிருந்து பார்க்கிறேன். உச்சி வெயிலில் கோட்டை மைதானத்தில் நிற்கும். இறங்குகிறவர்களுக்கு மணல் சுடும். மதிலைப் பின்னால் வைத்து ஒரு படம், கரும்புச் சாறு, திரும்ப ஏறிவிடுவார்கள். எங்கள் ஊரைப் பார்த்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்வார்கள். எனக்கு அது எப்போதும் வருத்தம்தான். முழங்கால் வலியுள்ள பெரியவரை வைத்துக்கொண்டு இரண்டு நாளில் எட்டு இடம் ஏறி இறங்கினால் அந்தம்மாவுக்குப் பயணம் முழுக்க வேன் படிதான் ஞாபகத்தில் நிற்கும்.

அக்கா, தரங்கம்பாடி நடந்து பார்க்கிற ஊர். சின்ன ஊர். நிலவாசல் என்கிற வெள்ளை வளைவு, 1792-இல் கட்டியது, அதற்குள் நுழைந்தால் ராஜா வீதி. அந்த ஒரு வீதியில் நேராக நடந்தால் சீயோன் ஆலயம், எதிர்ப்பக்கம் புதிய எருசலேம் ஆலயம், பழைய ஆளுநர் மாளிகை, கடைசியில் கோட்டை, அதற்கப்பால் கடல். பெரியவர்கள் நின்று நின்று போனாலும் காலைக்குள் முடிந்துவிடும். ஆனால் அந்தக் காலை ஆறு மணிக்குத் தொடங்க வேண்டும். மே மாதத்தில் கத்திரி வெயில் அங்கேயும் அதே வெயில்தான். கோட்டைக்கும் வீதிக்கும் நடுவே உள்ள மைதானத்தில் ஒதுங்க நிழல் கிடையாது. காலையில் வீதியும் கடலும், கோட்டை திறந்ததும் உள்ளே நுழைந்து அருங்காட்சியகம், பிறகு அறைக்குத் திரும்பிச் சாப்பிட்டுத் தூக்கம். பிற்பகலில் கடற்காற்று இறங்கிய பிறகு மறுபடி கரைக்குப் போங்கள். இப்படி இரண்டு இரவு தங்கினால்தான் ஊர் உங்களோடு பேசும்.

வெள்ளிக்கிழமையில் போகாதீர்கள், கோட்டை அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. கோட்டையின் பக்கத்தில் கடலில் இறங்கவும் வேண்டாம். பாறைக் கற்கள் கிடக்கின்றன, அலையின் இழுப்பும் அதிகம். உங்கள் கணவருக்குச் சொல்லத் தேவையில்லை, மகனுக்குச் சொல்லி வையுங்கள்.

கல்மண்டபத்துக்காரி

அக்கா, இதைத்தான் எதிர்பார்த்தேன். தங்குவது?

பொறையாற்று மகள்

தரங்கம்பாடிக்குள்ளேயே பழைய மாளிகையைப் புதுப்பித்த விடுதி இருக்கிறது. அழகான இடம், ஆனால் உங்கள் கணக்குக்கு ஒத்துவராது. திருக்கடையூரில் தங்குங்கள். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் செய்ய ஊர் ஊராக வருகிறவர்களுக்காக அங்கே விடுதிகள் நிறைய. முகூர்த்த நாளில் மட்டும் இடம் கிடைக்காது, வாடகையும் ஏறும். வைகாசியில் முகூர்த்தம் அதிகம், காலண்டரைப் பார்த்து நாளைப் பிடியுங்கள். முன்பதிவு செய்யும்போதே கீழ்த்தள அறை வேண்டும் என்று கேளுங்கள். மாமியார் அபிராமி சந்நிதிக்கு அறையிலிருந்தே நடந்து போய்விடலாம். கோயில் நடுப்பகலில் நடை சாத்திவிடும், ஆகவே காலையோ மாலையோதான்.

திருக்கடையூரிலிருந்து தரங்கம்பாடி பத்து கிலோமீட்டருக்குள். சீர்காழி–காரைக்கால் சாலையில் பஸ் போய்க்கொண்டே இருக்கும். ஆட்டோவும் கிடைக்கும், ஏறும் முன் வாடகை பேசிக்கொள்ளுங்கள். கோயிலைச் சுற்றி இருப்பவை சைவச் சாப்பாட்டுக் கடைகள்தான். மீன் வேண்டுமென்றால் பொறையாற்றிலோ காரைக்காலிலோ சாப்பிடலாம்.

கொருக்குப்பேட்டை கம்பாசிட்டர்

நான் கையால் அச்சுக் கோத்துப் பிழைத்தவன். மண்ணடியிலும் தங்கசாலையிலும் ட்ரெடில் என்கிற, காலால் மிதித்து ஓட்டும் அச்சு இயந்திரம் ஓடிய காலத்து ஆள். இந்த இழையில் கோட்டையைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த ஊரில் நான் கும்பிட்ட இடம் வேறு.

சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்குகூட ஆகவில்லை. மணலில் விரலால் எழுதும் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் படித்தார். அச்சு இயந்திரம் இங்கிலாந்திலிருந்து வந்தது. தமிழ் எழுத்துகளை ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பினார்கள். வந்த எழுத்துகள் பருமன். அந்த அளவில் அடித்தால் புத்தகம் தடித்துவிடும், காகிதமோ கப்பலில் வர வேண்டிய பொருள். என்ன செய்தார்கள் தெரியுமா? இங்கேயே ஈயத்தை உருக்கிச் சின்ன எழுத்து வார்த்தார்கள். பொறையாற்றில் காகிதப் பட்டறையும் வைத்தார்கள். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது.

அம்மா, இந்தத் தொழில் செய்தவனுக்குத்தான் அந்த வேலையின் கனம் தெரியும். ஆங்கிலத்துக்கு எழுத்து குறைவு, ஒரு கேஸில், அதாவது எழுத்துகளைப் பிரித்துப் போடும் அறைகள் கொண்ட தட்டில் அடங்கிவிடும். தமிழுக்குக் கு, கூ, மு, மூ என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வார்ப்பு. நாங்கள் கோக்கும்போது கை தானாக அறைக்கு அறை போகும். ஒரு எழுத்து தேய்ந்து போனால் எழுத்து வார்க்கும் பவுண்டரியில் வாங்கி வந்துவிடுவோம். அவர்களுக்கு எந்த பவுண்டரி? ஒவ்வொரு எழுத்துக்கும் அச்சு வெட்டி, ஈயம் ஊற்றி, அரம் போட்டுச் சமன் செய்து, ஒரே உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு எழுத்து மயிரிழை உயர்ந்தாலும் காகிதம் கிழியும், தாழ்ந்தாலும் மை ஒட்டாது. அதைச் செய்து பார்த்த முதல் கைகளில் தமிழ்க் கைகளும் கட்டாயம் இருந்திருக்கும். அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை என்பது என் ஆதங்கம்.

சீகன்பால்கு 1719-இல், முப்பத்தாறு வயதில் இறந்துபோனார். அதற்கு முந்தைய ஆண்டு கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்தில், பலிபீடத்துக்கு முன்னாலேயே கல்லறை. அவர் இருந்த வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். மகளை அங்கே கட்டாயம் அழைத்துப் போங்கள். மதத்துக்காகச் சொல்லவில்லை, நான் தினம் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வேலைக்கு உட்கார்ந்தவன். தமிழ் எழுத்து ஈயத்தில் நின்ற இடம் என்பதற்காகச் சொல்கிறேன்.

தண்டையார்பேட்டை ஆசிரியர்

ஐயா எழுதியதைப் படித்து நெகிழ்ந்துபோனேன். இதே கதையின் அடுத்த பாகம் நம் சென்னையில்தான் நடந்தது, சிறுமி ஊருக்குக் கிளம்பும் முன் அதைச் சொல்லிவிடலாம். தரங்கம்பாடிக்கு வந்து பிறகு சென்னைக்கு வந்தவர் ஃபெப்ரீசியஸ் என்ற ஜெர்மன் பாதிரியார். 1761-இல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். அது வேப்பேரியில் அவர் பொறுப்பில் வந்து சேர்ந்தது. அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி 1779-இல் வேப்பேரியில் அச்சானது.

கோட்டையைப் பற்றி அவளுக்குச் சொல்ல வேண்டியது: 1620 நவம்பரில் தஞ்சை ரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க் தளபதி ஓவே ஜெட்டேவுக்கும் உடன்படிக்கை. நாயக்கர் டென்மார்க் அரசருக்கு எழுதிய பொன்னோலை இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. வந்தவர்களுக்கு வேண்டியது மிளகு. கோட்டைக்குள் கீழ்த்தளத்தில் தாழ்ந்த வளைவுக் கூரை போட்ட அறைகள் வரிசையாக இருக்கும், சரக்கும் வெடிமருந்தும் வைத்த இடங்கள், சிறையும் அங்கேதான். மேல்தளத்தில் ஆளுநர் குடியிருப்பு. சிறுவனுக்குக் கீழ் அறைகள் பிடிக்கும். மாமியார் மேலே ஏற வேண்டாம், கீழே உட்கார இடமும் காற்றும் உண்டு.

1845-இல் டேனிஷ்காரர்கள் வங்காளத்தில் தங்களிடம் இருந்த செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர்களுக்கு இந்தத் துறை தேவைப்படவில்லை. நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது, வியாபாரம் அங்கே போய்விட்டது. அதனால்தான் அந்த வீதிகள் இடிபடாமல் தப்பின. நம் ராயபுரத்தில் இதற்கு நேர்மாறு. துறைமுகம் வளர வளரப் பழையவை ஒவ்வொன்றாகப் போயின. 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையக் கட்டடம் நிற்பதே நம் பாக்கியம். மகளை முதலில் அங்கே கூட்டிப்போய்த் தூண்களைக் காட்டுங்கள்.

திருவொற்றியூர் கரை

தங்கச்சி, உங்கள் கணவர் கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன், நானும் கடலோரத்தில் பிறந்தவன்தான். கோட்டைக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில். முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றக் கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அவரை அங்கே நிறுத்துங்கள், மீதியை அவரே பிள்ளைகளுக்குச் சொல்வார்.

ஏனென்றால் இது நம் கதை. நம் கரையில் மணல் வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் போட்டபோது அந்த மணல் தெற்கே தேங்கியது. மெரினா அகன்றது அப்படித்தான். வடக்கே நமக்கு வர வேண்டிய மணல் வரவில்லை. ராயபுரம் தொடங்கி எண்ணூர் நெடுஞ்சாலை வரை தெருத் தெருவாகக் கடல் எடுத்துக்கொண்டது. இன்று கற்சுவருக்கும், கடலுக்குள் நீளும் கல் அணையான தூண்டில் வளைவுக்கும் பின்னால் வாழ்கிறோம். என் பாட்டி வலை காயப்போட்ட மணலை நான் பார்த்ததே இல்லை. நம் பிள்ளைகளுக்கு அந்தக் கோயில் வெறும் பழைய கட்டடமாகத் தெரியாது. புத்தகத்தில் கடல் அரிப்பு என்று படிக்கிற பிள்ளைக்கும், அப்பா கல்லைக் காட்டிச் சொல்லக் கேட்கிற பிள்ளைக்கும் வித்தியாசம் இருக்கிறது.

தரங்கம்பாடியில் புதிய மீன்பிடித் துறைமுகமும் இருக்கிறது. தடைக்காலம் அங்கேயும் அதே நாள்கள்தான். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், ஃபைபர் படகுகள் மட்டும் போய் வரும். அங்கே உள்ளவர்களோடு பேசினால் அவருக்குப் பொழுது போவதே தெரியாது. 2004 சுனாமியில் நூற்றுக்கணக்கானவர்களைப் பறிகொடுத்த ஊர், நினைவிடம் இருக்கிறது. நம்மிலும் எத்தனையோ பேருக்கு அந்த டிசம்பர் 26 ஆறாத நாள். அங்கே போனால் ஒரு நிமிடம் நின்று வாருங்கள்.

மாதவரம் வேன்

அண்ணா சொன்னதும் பொறையாற்று அக்கா சொன்னதும் எனக்கு விளங்கியது. இருந்தாலும் சிதம்பரத்தை ஒரேயடியாக விட்டுவிடுவதா?

பொறையாற்று மகள்

விட்டுவிடட்டும் தம்பி. சிதம்பரம் எங்கும் போய்விடாது. வேண்டுமானால் மூன்றாம் நாள் கிளம்பும்போது பூம்புகார் மட்டும் பார்த்துக்கொள்ளலாம். அங்கே கடற்கரையும் கலைக்கூடமும் இருக்கின்றன. கலைக்கூடத்தில் பராமரிப்பு வேலை நடந்த காலம் உண்டு, திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். எனக்குக் கேட்டால் அதைவிட அனந்தமங்கலத்து ஆஞ்சநேயரைப் பார்த்துவிட்டுப் பொறுமையாகத் திரும்பலாம். பக்கத்திலேயே இருக்கிறார், முக்கண்ணும் பத்துக் கையுமாக. குழந்தைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள்.

கல்மண்டபத்துக்காரி

திருவொற்றியூர் அண்ணன் எழுதியதைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். கோயில் கற்களைப் பற்றிச் சொன்ன இடத்தில் திரும்ப வாசி என்றார். பிறகு, "எந்த ரயில்?" என்று கேட்டார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது அதையும் நீங்களே சொல்லுங்கள். பஸ்ஸில் மாமியாரால் அவ்வளவு நேரம் காலை மடக்கி உட்கார முடியாது.

தண்டையார்பேட்டை ஆசிரியர்

அம்மா, தரங்கம்பாடிக்கு ஒரு காலத்தில் மயிலாடுதுறையிலிருந்து ரயில் ஓடியது, இப்போது இல்லை. மயிலாடுதுறையில் இறங்கி, சுமார் இருபது கிலோமீட்டர் சாலை வழியாகத் திருக்கடையூர் போக வேண்டும். இரவு ரயிலான உழவன் விரைவு வண்டி விடிவதற்கு வெகு முன்பே மயிலாடுதுறையில் இறக்கிவிடும். பிள்ளைகளும் பெரியவரும் அரைத் தூக்கத்தில் நிலையத்தில் உட்கார நேரும். பகலில் போகும் சோழன் விரைவு வண்டிதான் உங்களுக்குச் சரி. கடலூர், சிதம்பரம் வழி போகும், கொள்ளிடம் பாலத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கலாம். மாமியாருக்குக் கீழ்ப் படுக்கை கேட்டு எடுத்தால் காலை நீட்டிக்கொள்வார்.

முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும். மே நடுவில் பயணம் என்றால் மார்ச் நடுவிலேயே காலையில் தயாராக இருங்கள், விடுமுறைக் கால டிக்கெட் நிமிடங்களில் தீர்ந்துவிடும். வண்டி எழும்பூரிலிருந்தா தாம்பரத்திலிருந்தா என்றும் அப்போதே பாருங்கள், நிலைய வேலைகளால் மாற்றுகிறார்கள். எழும்பூர் என்றால் வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, எழும்பூரில் இறங்கலாம். எல்லா நிலையத்திலும் லிஃப்ட் இருக்கிறது.

டிக்கெட் கிடைக்காவிட்டால் மாதவரம் பேருந்து நிலையத்தில் விசாரியுங்கள். தெற்கே போகும் வண்டிகள் சில அங்கிருந்தும் கிளம்புகின்றன, கிளாம்பாக்கம் வரை நகரத்தைக் குறுக்கே கடக்கும் அலைச்சல் மிச்சம்.

எண்ணூர் முகத்துவாரம்

தங்கச்சி, மனம் மாறியது நானும்தான். பூநாரை பருவத்தில் பழவேற்காட்டுக்கு வரும்போது சொல்லுங்கள், கல்லறைத் தோட்டத்துக்கு நான் கூட வருகிறேன். எங்கள் வீட்டிலும் ஒரு எட்டாம் வகுப்பு இருக்கிறது.

கல்மண்டபத்துக்காரி

எல்லோருக்கும் நன்றி. இப்படி முடிவு செய்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை சோழனில் கிளம்பி, மாலை திருக்கடையூர், அன்றைக்கு அபிராமி தரிசனத்தோடு சரி. திங்கள் விடியற்காலை தரங்கம்பாடி, வீதியும் கோட்டையும். பிற்பகல் அறையில் ஓய்வு, மாலையில் மாசிலாமணிநாதர் கோயிலும் கரையும். செவ்வாய் காலை சீகன்பால்கு வீடும் ஆலயமும், அதன் பிறகு கணவருக்கு மீன்பிடித் துறைமுகம். மாமியாருக்குக் களைப்பாக இருந்தால் அன்றைக்கு அவரும் நானும் அறையில் இருந்துகொள்வோம். அனந்தமங்கலம் நேரம் இருந்தால். வேறு எதுவும் சேர்ப்பதாக இல்லை.

பொறையாற்று அக்கா, முகூர்த்தம் இல்லாத வாரமாக ஒன்றைக் குறித்திருக்கிறேன். விடுதிக்கு நாளை போன் செய்து கீழ்த்தள அறை கேட்கிறேன். கம்பாசிட்டர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். கிளம்பும் முன் ஒருநாள் மகளை உங்கள் வீட்டுக்கு அழைத்து வரலாமா? ஈய எழுத்து எப்படி இருக்கும் என்று கையில் வாங்கிப் பார்க்க வேண்டுமாம்.

கொருக்குப்பேட்டை கம்பாசிட்டர்

தாராளமாக வாருங்கள் அம்மா. எழுத்துக் கோக்கும் கம்போசிங் ஸ்டிக்கும் ஒரு கேஸ் எழுத்தும் இன்னும் வைத்திருக்கிறேன். அவள் பெயரை அவளே கோக்கட்டும், மை தடவி அடித்துக் கொடுக்கிறேன்.